கணக்கைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைக்கும் முன்: மென்பொருள் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஏழு கேள்விகள்



முன்பெல்லாம் நம் பகுதிப் பிள்ளைகள் படிப்பை முடித்ததும் ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் தோல் தொழிற்சாலைக்கோ ஷூ கம்பெனிக்கோ கணக்கெழுதப் போவார்கள். இப்போது மேல்விஷாரத்திலும் வாணியம்பாடியிலும் வேலூரிலும் கம்ப்யூட்டர் படித்துவிட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் இன்டர்வியூவுக்குப் போகிறார்கள். பெண் பிள்ளைகளும் போகிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். அவர்கள் கையில் இருக்கும் கேள்வி பதில் தாள்களை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான் இருக்கின்றன. இரண்டு ஸ்ட்ரிங் சமமா என்று எப்படிப் பார்ப்பது? 0.1 உடன் 0.2ஐக் கூட்டினால் ஏன் சரியாக 0.3 வருவதில்லை? நல் என்றால் என்ன? ரேஸ் கண்டிஷன் என்றால் என்ன? பிள்ளைகள் பதிலை மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். கேட்பவர் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் நின்றுவிடுகிறார்கள்.

இந்தக் கேள்விகள் ஆளை வடிகட்டுவதற்காக மட்டும் உண்டானவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் எங்கோ ஒருவரின் பெயர் விடுபட்டதோ, பணம் குறைந்ததோ, உயிரே போனதோ இருக்கிறது. அந்தக் காரணம் புரிந்தால் பதில் தானாக வரும். நாளைக்கு வேலையில் அமர்ந்த பிறகும் அதுதான் கைகொடுக்கும். எனவே இந்த இதழில் பைத்துல்மால் பதிவேடு ஒன்றையே உதாரணமாக எடுத்துக்கொண்டு பாடம் சொல்கிறோம். கல்வி உதவி, விதவையர் உதவி, ஜகாத் பங்கீடு ஆகிய மூன்றும் அந்தப் பதிவேட்டில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் தெரியாத பெற்றோரும் கூடவே படிக்கலாம்.

1. பெயர் ஒன்றுதானா?

முதலில் பாடப்புத்தகக் கேள்வி. ஜாவாவில் இரண்டு ஸ்ட்ரிங்குகளை இரட்டைச் சமக்குறி போட்டு ஒப்பிடுவதற்கும் 'ஈக்வல்ஸ்' கொண்டு ஒப்பிடுவதற்கும் என்ன வேறுபாடு? ஒரு ரேஷன் கார்டுக்கு இரண்டு ஜெராக்ஸ் எடுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். 'இரண்டும் ஒரே தாளா' என்று கேட்பது இரட்டைச் சமக்குறி. 'இரண்டிலும் எழுதியிருப்பது ஒன்றா' என்று கேட்பது ஈக்வல்ஸ். நமக்கு வேண்டியது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

ஆனால் எழுதியிருப்பது ஒன்றாக இருந்தும் கம்ப்யூட்டர் 'இல்லை' என்று சொல்லும் இடங்கள் உண்டு. மொஹிதீன் என்ற பெயரை எடுங்கள். அதில் வரும் 'மொ' எழுத்தைக் கம்ப்யூட்டர் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். மகரமும் ஒகரக் குறியும் என இரண்டு துண்டாக வைப்பது ஒரு விதம். மகரம், எகரக் கொம்பு, துணைக்கால் என மூன்று துண்டாக வைப்பது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். யூனிகோட் விதிப்படியும் இரண்டும் ஒன்றுதான். ஆனால் துண்டு துண்டாக ஒப்பிடும் புரோகிராமுக்கு அவை வேறு வேறு. ஆகவே ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். இதற்குத்தான் நார்மலைசேஷன் என்று பெயர். பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றிலும் இதற்கான வசதி இருக்கிறது.

எழுத்தின் நீளமும் இப்படித்தான். விரிஞ்சிபுரம் என்பதில் நாம் எண்ணும் எழுத்துகள் 7. பைத்தானிடம் நீளம் கேட்டால் 13 என்று சொல்லும், ஏனென்றால் அது குறிகளையும் தனித்தனியாக எண்ணும். யூடிஎஃப் 8 முறையில் சேமித்தால் அதே பெயர் 39 பைட் இடம் பிடிக்கும். 20 பைட்டுக்கு மேல் ஏற்காதபடி பெயர்க் கட்டத்தை அமைத்தவர் ஆங்கிலத்தை மட்டும் நினைத்திருக்கிறார். குறுஞ்செய்தியிலும் இதே கதைதான்: ஆங்கிலத்தில் 160 எழுத்து போகும் ஒரு செய்தியில் தமிழ் 70 துண்டுதான் போகும்.

இதைவிடப் பெரிய சிக்கல் நம் பெயர் வைக்கும் முறை. முஹம்மது, முகமது, முஹம்மத் என்று தமிழிலேயே பல விதம். ஆங்கிலத்தில் 'ஓ'வா 'யு'வா, 'எம்' ஒன்றா இரண்டா என்பதில் இன்னும் பல விதம். இனிஷியல் முன்னால் வரும், பின்னால் வரும். திருமணத்துக்கு முன் தந்தையின் இனிஷியல், பின் கணவரின் இனிஷியல். ஒரு விதவைத் தாயின் ஆதாரில் ஒன்றும் வங்கிப் புத்தகத்தில் இன்னொன்றும் இருப்பது நம் தெருக்களில் அரிதல்ல. பெயரை வைத்து இரண்டு பட்டியலை இணைக்கும் புரோகிராம் அந்தத் தாயை இரண்டு பேராக எண்ணும், அல்லது எதிலும் காணவில்லை என்று தள்ளிவிடும்.

முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற இரண்டு கட்டங்களும் கட்டாயம் என்று அமைக்கப்பட்ட படிவங்களில் நமக்கு இடமே இருப்பதில்லை. 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் அந்த இரண்டில் ஒன்று காலியாக இருப்பவர்களை விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து விமான நிறுவனங்களுக்கு அறிவிப்பு வந்தது. பின்னர், பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று விளக்கம் தந்தார்கள். ஒற்றைப் பெயரோடு வாழும் தமிழ்நாட்டு மக்களுக்கு இதன் பாரம் தெரியும்.

செய்ய வேண்டியது: பெயரை முழுப்பெயர் என்ற ஒரே கட்டத்தில் வாங்குங்கள். பெயரை ஒருபோதும் பிரைமரி கீயாக, அதாவது ஆளை அடையாளம் காட்டும் தனிக்குறியாக, வைக்காதீர்கள். அதற்குத் தனிப் பதிவு எண் கொடுங்கள். பெயர் பொருந்தாவிட்டால் விண்ணப்பத்தைத் தானாகத் தள்ளுபடி செய்யாமல், ஒரு மனிதர் பார்க்கும்படி ஒதுக்கி வைக்கும் வழியை எழுதுங்கள்.

2. எண்ணாகத் தெரிவதெல்லாம் எண்ணா?

டேட்டா டைப் என்றால் என்ன என்ற கேள்விக்கு இன்டிஜர், ஸ்ட்ரிங், ஃப்ளோட் என்று அடுக்கிவிடுகிறார்கள். எதற்கு எதை வைப்பது என்பதில்தான் திறமை இருக்கிறது. ஒரு எளிய சோதனை உண்டு: இந்த எண்ணை இன்னொன்றோடு கூட்டுவதில் பொருள் இருக்கிறதா? உதவித்தொகையைக் கூட்டலாம். இரண்டு செல்போன் எண்களைக் கூட்டி என்ன செய்வது? ஆகவே செல்போன் எண், வங்கிக் கணக்கு எண், ஆதார், பின்கோடு எல்லாம் இலக்கத்தால் எழுதிய பெயர்களே. அவற்றை ஸ்ட்ரிங்காக வைக்க வேண்டும்.

வைக்காவிட்டால் என்ன ஆகும்? வேலூரின் தொலைபேசிக் குறியீடு 0416. இன்டிஜராக வைத்தால் முன்னால் உள்ள பூஜ்யம் போய் 416 ஆகிவிடும். ஜாவாவிலும் சி மொழியிலும் 0416 என்று எண்ணாக எழுதினால் இன்னும் வேடிக்கை. பூஜ்யத்தில் தொடங்குவதால் அதை எட்டின் அடிமானத்தில் எழுதிய எண் என்று எடுத்துக்கொண்டு 270 என்று சொல்லும். சில வங்கிகளின் கணக்கு எண்களும் பூஜ்யத்தில்தான் தொடங்குகின்றன.

நம் செல்போன் எண்களுக்குப் பத்து இலக்கம். அவை 6 முதல் 9 வரையுள்ள இலக்கத்தில் தொடங்கும். ஜாவாவின் சாதாரண இன்டிஜர் 32 பிட் கொண்டது. அதில் அடங்கும் பெரிய எண் 2,14,74,83,647. எந்த இந்தியச் செல்போன் எண்ணும் இதற்குள் அடங்காது. இன்டிஜர் ஓவர்ஃப்ளோ என்றால் என்ன என்று கேட்டால் இதையே உதாரணமாகச் சொல்லலாம்.

எக்ஸெல் பயன்படுத்தும் நம் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை. எக்ஸெல் ஒரு எண்ணில் 15 இலக்கம் வரைதான் சரியாக வைத்திருக்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணைச் சும்மா தட்டினால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். கட்டத்தை முதலில் 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட்டுத் தட்டுங்கள். வங்கியின் ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் ஐந்தாவது இடத்தில் இருப்பது ஆங்கில 'ஓ' அல்ல, பூஜ்யம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆதார் எண்ணில் ஓர் அழகான ஏற்பாடு இருக்கிறது. 12 இலக்கங்களில் கடைசி இலக்கம் முதல் பதினொன்றிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுகிறது. அந்த முறையின் பெயர் வெர்ஹூஃப். எண்ணைத் தட்டும்போது ஓர் இலக்கம் தவறினாலும், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். எண் சரியாகத் தட்டப்பட்டதா என்று மட்டுமே அது சொல்லும், எண்ணுக்குரியவர் யார் என்று சொல்லாது. வாலிடேஷனுக்கும் வெரிஃபிகேஷனுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

3. பத்துப் பைசா ஏன் சரியாக வருவதில்லை?

பைத்தானில் 0.1 + 0.2 என்று தட்டினால் 0.30000000000000004 என்று வரும். கம்ப்யூட்டருக்குக் கூட்டல் தெரியாது என்று இதற்குப் பொருளில்லை. மூன்றில் ஒரு பங்கை நாம் 0.333 என்று எத்தனை மூன்று போட்டாலும் முடிக்க முடியாது அல்லவா? இரண்டின் அடிமானத்தில் எண்ணும் கம்ப்யூட்டருக்குப் பத்தில் ஒரு பங்கும் அப்படி முடியாத எண். ஓர் இடத்தில் வெட்டித்தான் வைக்க வேண்டும். வெட்டிய இடத்தில் தூசி அளவு பிழை தங்கிவிடுகிறது.

பாதி, கால், அரைக்கால், வீசம் ஆகியவற்றில் இந்தப் பிழை இல்லை. இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால் 4, 8, 16 என்று வரும். இவை அவற்றின் பங்குகள். ஆகவே ஃப்ளோட்டில் மிகச் சரியாக அடங்கும். தோலைக் கால் சதுர அடி வரை அளந்து இருபத்தொன்றேகால் என்று குறித்தால் கம்ப்யூட்டருக்கு வருத்தமில்லை. ரூபாய்க்கு 16 அணா என்றிருந்த காலத்து அணாக் கணக்கும் அதற்குப் பொருந்தும். 1957 ஏப்ரல் 1இல் ரூபாய்க்கு 100 நயா பைசா என்று மாறியது. நூறு பைசாக் கணக்குத்தான் ஃப்ளோட்டுக்கு ஒத்துவராதது.

தூசி அளவுதானே என்று விட்டுவிட முடியாது. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்கப் படையின் பேட்ரியட் ஏவுகணைத் தடுப்புச் சாதனம், வந்த ஏவுகணையைப் பிடிக்கத் தவறியது. 28 வீரர்கள் இறந்தார்கள். அந்தச் சாதனம் நேரத்தைப் பத்தில் ஒரு விநாடி என்ற அளவில் எண்ணி, அதை 24 பிட்டில் வெட்டிய எண்ணால் பெருக்கியது. சுமார் 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் பிழை சேர்ந்து சேர்ந்து மூன்றில் ஒரு விநாடி ஆகியிருந்தது. அந்த நேரத்தில் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும்.

செய்ய வேண்டியது: பணத்தை ஒருபோதும் ஃப்ளோட்டில் வைக்காதீர்கள். பைசாவாக மாற்றி முழு எண்ணாக வையுங்கள், அல்லது டெசிமல் வகையைப் பயன்படுத்துங்கள். டெசிமலுக்குள் 0.1 என்ற ஃப்ளோட்டைப் போட்டால் பிழையும் கூடவே போகும். எழுத்தாக, மேற்கோள் குறிக்குள் கொடுக்க வேண்டும். இன்னொன்று: பைத்தானில் 2.5ஐ முழுமையாக்கினால் 2 வரும், 3.5ஐ முழுமையாக்கினால் 4 வரும். சரிபாதியாக இருந்தால் இரட்டைப்படை எண்ணின் பக்கம் சாய்வது அதன் விதி. ஜகாத் கணக்கில் எந்தப் பக்கம் சாய்வது என்பதை மொழியிடம் விடாமல் நீங்களே எழுதி வையுங்கள்.

4. பங்குகளைக் கூட்டினால் முதல் வருகிறதா?

அல்காரிதம் என்ற சொல் எங்கிருந்து வந்தது? 9ஆம் நூற்றாண்டில், கலீஃபா மஃமூன் காலத்தில், பக்தாதில் இருந்த கணித மேதை அல் குவாரிஸ்மியின் பெயர் லத்தீன் மொழியில் திரிந்து உண்டானது அது. அவருடைய அல்ஜப்ரு நூலின் பிற்பகுதி முழுவதும் வஸிய்யத், வாரிசுப் பங்கு பற்றிய கணக்குகள். பங்கு பிரிப்பது அன்றும் இன்றும் நல்ல பயிற்சிக் கணக்கு.

10 லட்சம் ரூபாயை மூன்று மகன்களுக்குச் சமமாகப் பிரிக்கும் புரோகிராம் ஒவ்வொருவருக்கும் 3,33,333.33 என்று சொல்லும். மூன்றையும் கூட்டினால் 9,99,999.99. ஒரு பைசா எங்கே போனது? மதரஸாவில் ஃபராயிள் படித்தவர்கள் இந்த இடத்தில் வகுத்துப் பார்ப்பதில்லை. முதலை எத்தனை பங்காக வைப்பது என்று முதலில் முடிவு செய்வார்கள். மனைவி, ஒரு மகன், ஒரு மகள் என்றால் 24 பங்கு. மனைவிக்கு 3, மகனுக்கு 14, மகளுக்கு 7. எல்லாம் முழு எண்கள், கூட்டினால் 24. கடைசியில் பணமாக மாற்றும்போது மட்டும் வகுத்து, மீதிப் பைசாவை யார் கணக்கில் சேர்ப்பது என்று ஒரு விதி வைத்தால் போதும். புரோகிராமிலும் இதையே செய்யுங்கள்: பின்னங்களைத் தொகுதி, பகுதி என்று முழு எண்களாகவே கடைசி வரை கொண்டு போங்கள்.

எட்ஜ் கேஸ் என்றால் என்ன என்பதற்கும் இதிலேயே உதாரணம் உண்டு. இறந்தவருக்கு மனைவி, இரண்டு மகள்கள், தாய், தந்தை இருக்கிறார்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று, மகள்களுக்கு மூன்றில் இரண்டு, தாய்க்கும் தந்தைக்கும் ஆறில் ஒன்று வீதம். 24 பங்கில் 3, 16, 4, 4. கூட்டினால் 27! விதியை அப்படியே எழுதிய புரோகிராம் 24 லட்சம் ரூபாய்ச் சொத்தை 27 லட்சமாகப் பங்கிட்டுக் கொடுக்கும். அலீ (ரலி) அவர்கள் மிம்பரில் நின்றபடியே இதற்கு விடை சொன்னதாக அறிவிக்கப்படுவதால் இதை மிம்பரிய்யா என்பார்கள். முதலை 27 பங்காக உயர்த்திவிடுவதே விடை. மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகும். எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் குறையும்.

செய்ய வேண்டியது: பங்கிடும் எந்தப் புரோகிராமிலும் கடைசியாக ஒரு சோதனை வரி வையுங்கள். கொடுத்ததெல்லாம் சேர்ந்து முதலுக்குச் சமமா? இல்லையென்றால் அங்கேயே நின்று சொல்லட்டும். உண்மையான சொத்துக்குப் புரோகிராமின் விடையை மட்டும் நம்பாமல் ஆலிமிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

5. எந்த ஊர் நேரம்?

நம்மூர் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில் பழங்காலத்து நேரம் காட்டும் கல் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதில் விழும் நிழல் காட்டுவது விரிஞ்சிபுரத்துச் சூரிய நேரம். நம் கைக்கடிகாரம் காட்டுவது 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம். நாம் 79 டிகிரி பக்கம் இருக்கிறோம். ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் என்று பார்த்தால், சராசரியாக 14 நிமிட வித்தியாசம் வரும். லுஹர் நேரம் சரியாகப் பன்னிரண்டு மணிக்குத் தொடங்காமல் முன்பின்னாகப் பன்னிரண்டேகாலை ஒட்டி வருவதற்கு இதுவே காரணம். இரண்டுமே சரியான நேரம். எது எந்த இடத்து நேரம் என்று சொல்லாவிட்டால்தான் குழப்பம்.

கம்ப்யூட்டர் சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. நாம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். வெள்ளிக்கிழமை சுபுஹ் தொழுதுவிட்டு 5 மணி 20 நிமிடத்துக்கு ஒருவர் ஆன்லைனில் சதக்கா அனுப்பினால், சர்வரில் அது வியாழன் இரவு 11 மணி 50 நிமிடம். மாதத்தின் முதல் தேதியாக இருந்தால் அந்தப் பணம் போன மாதக் கணக்கில் ஏறிவிடும். நேரத்தை யூடிசியில் சேமித்து, மனிதருக்குக் காட்டும்போது அவர் ஊர் நேரத்துக்கு மாற்றுவதே வழக்கமான முறை. 'மாதக் கணக்கு' என்பது எந்த ஊர் மாதம் என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.

03/04 என்று எழுதினால் நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் எழுதினால் இந்தச் சண்டை இல்லை. ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள். ஜகாத்துக்கு ஓராண்டு நிறைவதை 365 நாள் கூட்டிக் கணக்கிடும் புரோகிராம் ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினோரு நாள் தள்ளிப்போகும்.

இன்னொரு தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்: 2038 ஜனவரி 19. பல பழைய புரோகிராம்கள் 1970 ஜனவரி 1 முதல் எத்தனை விநாடி ஆயிற்று என்பதை 32 பிட் எண்ணில் வைத்திருக்கின்றன. மேலே சொன்ன 2,14,74,83,647 என்ற எல்லை அன்று காலை நம் நேரப்படி 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு வந்துவிடும். 20 ஆண்டுத் தவணை போடும் புரோகிராம் இன்றே அந்தத் தேதியைத் தாண்டுகிறது.

6. காலியிடம் என்றால் பூஜ்யமா?

கல்வி உதவி விண்ணப்பத்தில் மாத வருமானம் என்ற கட்டம் இருக்கிறது. ஒருவர் 6,000 என்று எழுதினார். இன்னொருவர் 0 என்று எழுதினார். மூன்றாமவர் ஒன்றும் எழுதவில்லை. 0 என்றால் வருமானம் இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். காலி என்றால் நமக்குத் தெரியவில்லை என்று பொருள். இந்தத் தெரியாமைக்குப் பெயர்தான் நல்.

காலியைப் பூஜ்யமாக எடுத்தால் மூன்று வீட்டின் சராசரி 2,000. எஸ்கியூஎல்லின் சராசரிக் கட்டளை நல்லை விட்டுவிட்டு இரண்டு வீட்டுக்குத்தான் சராசரி பார்க்கும், 3,000 என்று சொல்லும். எது சரி என்பது கேள்வியைப் பொறுத்தது. காலியைப் பூஜ்யம் என்று எடுத்தால், எழுதத் தெரியாமல் விட்டவரும் எழுத விரும்பாமல் விட்டவரும் ஊரிலேயே ஏழைகள் ஆகிவிடுவார்கள். காலியாக விட்டதற்காகத் தள்ளினால், படிவம் நிரப்ப ஆளில்லாத வீட்டுக்கு உதவி போகாது. இரண்டும் அநீதி.

எஸ்கியூஎல்லில் நல்லும் நல்லும் சமமா என்று கேட்டால் 'ஆம்' என்றும் வராது, 'இல்லை' என்றும் வராது. தெரியாத ஒன்றும் தெரியாத இன்னொன்றும் சமமா என்பதும் தெரியாததுதானே! அதனால்தான் சமக்குறிக்குப் பதில் 'இஸ் நல்' என்று கேட்க வேண்டியிருக்கிறது. நல் ரெஃபரன்ஸை 1965இல் ஒரு கம்ப்யூட்டர் மொழியில் சேர்த்தவர் டோனி ஹோர் என்ற பிரிட்டிஷ் அறிஞர். பிற்காலத்தில் அவரே அதைத் தம்முடைய நூறு கோடி டாலர் தவறு என்று வருத்தத்தோடு குறிப்பிட்டார்.

செய்ய வேண்டியது: 'தெரியவில்லை', 'சொல்ல விரும்பவில்லை', 'இல்லை' என்ற மூன்றையும் தேர்வு செய்யும்படி படிவம் அமையுங்கள். காலியாக வந்தால் ஒருவர் போய் விசாரிக்க வேண்டும் என்று பட்டியல் தரட்டும்.

7. இரண்டு கை ஒரே பக்கத்தில் எழுதினால்?

உதவி நிதியில் 10,000 ரூபாய் இருக்கிறது. இரண்டு பொறுப்பாளர்கள் இரண்டு கம்ப்யூட்டரில் ஒரே நேரத்தில் திறக்கிறார்கள். இருவருக்கும் இருப்பு 10,000 என்று தெரிகிறது. இருவரும் தலா 7,000 ரூபாயை வெவ்வேறு குடும்பத்துக்கு அனுமதிக்கிறார்கள். இருவரின் கம்ப்யூட்டரும் மீதி 3,000 என்று எழுதுகிறது. போனது 14,000. ஏட்டில் இருப்பு 3,000. யாரும் திருடவில்லை, யாரும் தவறாகக் கழிக்கவும் இல்லை. இருவரும் படித்த பிறகு எழுதிய வரிசைதான் தவறு. இதுவே ரேஸ் கண்டிஷன்.

பழைய நோட்டுப் புத்தகத்தில் இது நடக்காது, ஏனென்றால் நோட்டு ஒருவர் கையில்தான் இருக்கும். கம்ப்யூட்டரிலும் அதே பூட்டைப் போட வேண்டும். படிப்பது, கழிப்பது, எழுதுவது மூன்றையும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் கட்டி, அது முடியும்வரை அந்த வரியை இன்னொருவர் தொடாதபடி லாக் செய்வதே முறை. இதை மட்டும் படிப்பில் விட்டுவிடாதீர்கள். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக் 25 என்ற புற்றுநோய்க் கதிர்வீச்சு இயந்திரம் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது. சிலர் இறந்தார்கள். இயக்குபவர் திரையில் வேகமாகத் திருத்தும்போது புரோகிராமின் இரண்டு வேலைகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டதும் காரணங்களில் ஒன்று.

இதற்குத் தம்பி போன்ற இன்னொரு சிக்கலும் உண்டு. நெட்வொர்க் மெதுவாக இருந்தால் பணம் அனுப்பும் பொத்தானை இரண்டு முறை அழுத்துவோம். இரண்டு முறை பணம் போகக்கூடாது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் பழைய பதிலையே திருப்பித் தர வேண்டும். எத்தனை முறை கேட்டாலும் ஒரு முறை செய்ததன் விளைவே இருக்கும் இந்தக் குணத்துக்கு ஐடெம்பொட்டன்ஸி என்று பெயர். இப்போது இன்டர்வியூக்களில் இதை விரும்பிக் கேட்கிறார்கள்.

வீட்டில் செய்து பார்க்க

பிள்ளைகளே, இவற்றைப் படித்தால் மட்டும் கை பழகாது. பத்துக் குடும்பங்கள் கொண்ட ஒரு கற்பனைப் பதிவேட்டுக்கு நீங்களே சின்ன புரோகிராம் எழுதுங்கள். பிறகு அதைக் கெடுக்க முயலுங்கள். ஒற்றைப் பெயர் கொண்டவரைச் சேருங்கள். இனிஷியல் மாறிய பெண்ணைச் சேருங்கள். வருமானத்தைக் காலியாக விடுங்கள். 100 ரூபாயை ஏழு பேருக்குப் பிரியுங்கள். பிப்ரவரி 29இல் பிறந்தவரைச் சேருங்கள். மேல்விஷாரம் என்ற பெயரில் எத்தனை எழுத்து, எத்தனை துண்டு, எத்தனை பைட் என்று கையால் எண்ணிவிட்டுக் கம்ப்யூட்டரிடமும் கேளுங்கள். உண்மையான குடும்பங்களின் பெயரையும் ஆதாரையும் பயிற்சிக்குப் பயன்படுத்த வேண்டாம். அவை நம்மிடம் அமானத்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை இரவில் கம்ப்யூட்டர் முன் அமர்ந்திருந்தால், 'இன்று என்ன எழுதினாய், அதில் யார் பெயர் விட்டுப்போகும்?' என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியும்படி சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு இன்டர்வியூவிலும் சொல்லத் தெரியும்.

நம் பிள்ளைகள் எழுதப்போகும் புரோகிராம்கள் யாருடைய சம்பளத்தையோ, மருந்தின் அளவையோ, ரேஷனையோ தீர்மானிக்கும். அவர்களை இவர்கள் நேரில் பார்க்கப் போவதில்லை. மனப்பாடம் செய்த பதில் வேலையை வாங்கித் தரலாம். முகம் தெரியாத அந்த மனிதருக்கு அநீதி நேராமல் காப்பதற்கு, ஏன் என்று புரிந்திருக்க வேண்டும். சந்தேகம் உள்ள கேள்விகளை எழுதி நம் அறக்கட்டளை அலுவலகத்தில் கொடுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்தடுத்த இதழ்களில் பார்ப்போம்.

வஸ்ஸலாம்.
செயலாளர்